கதவுக்குச் சிரித்துக் காட்டுதல்

மனித குலம் மதபேதத்தை ஒழித்துக்கட்டிய நாள், பெரும்பாக்கம் குடியிருப்பில் முகம் படிக்கும் கதவைப் பொருத்திய நாள்தான் என்றார் சங்கச் செயலாளர் கனகசபை. கதவுக்கு ஏது மதம்? ஆபத்தான முகம் என்று தோன்றினால் திறக்காது, போலீஸைக் கூப்பிடும். அவ்வளவுதான்.

அதற்கு யார் என்ன சொல்லிக் கொடுத்தார்களோ, பாய்மார் தாடி கண்ணில் பட்டாலே ஆபத்து என்றது. அதனால் மூன்றாம் மாடி இத்ரீஸ் தினமும் அதன்முன் நின்று, உள்ளங்கைகளை விரித்துக் காட்டி, பல் முழுக்கத் தெரியச் சிரிப்பான். சிரிக்க மறந்த அவன் தம்பி, ஸ்டேஷனிலிருந்து கையில் மாவுக்கட்டோடு திரும்பியிருந்தான்.

“தப்பு பண்ணாதவன் எதுக்குப்பா கதவுகிட்ட பல்லக் காட்டணும்? சர்க்கஸ் குரங்கு மாதிரி!” லிஃப்ட்டில் எல்லோரும் கேட்கும்படி சொல்லிச் சிரித்தார் கனகசபை.

“கதவு உங்கள மாதிரி நல்லவர் இல்ல சார்” என்றான் இத்ரீஸ்.

கார்த்திகை பிறந்தது. கனகசபை சபரிமலைக்கு மாலை போட்டார். விரதத்தில் சவரம் கூடாது என்பதால் தாடி தாராளமாக வளர்ந்தது. ஒருநாள் பஜனை முடிந்து திரும்பியவரைக் கண்டதும் கதவு சிவப்பு விளக்கைப் போட்டது.

“நான் செக்ரட்டரிடா!” என்று அதட்டினார்.

“போலீஸ் அழைக்கப்படுகிறது” என்றது கதவு, ரொம்ப மரியாதையாக.

பின்னால் காய்கறிப் பையோடு இத்ரீஸ் நின்றிருந்தான். “கைய விரிங்க சாமி. பல்லு நல்லா தெரியணும்” என்றான் மெதுவாக.

கனகசபை இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு உள்ளங்கைகளை விரித்து, கடைவாய்ப் பல் தெரிய, கதவைப் பார்த்துச் சிரித்தார்.