கோல்ட் பாரிஜ் மேடு

மேசையில் கஞ்சி ஆறிக்கொண்டிருந்தது. ஆப்ரி அதைத் தொடாமல், பூதக்கண்ணாடியோடு வரைபடத்தின் மேல் கவிழ்ந்திருந்தார்.

"முப்பத்தெட்டு வருஷம், ஐரிஸ்! ஒரு மேட்டுக்கு எவனாவது 'கோல்ட் பாரிஜ்'னு பேர் வைப்பானா? ஆறின கஞ்சியாம்!"

"உங்க கஞ்சியும்தான் ஆறுது. சாப்பிட்டுட்டுத் திட்டுங்க."

"பழைய வரைபடத்துல இந்த இடம் காலி. 1936 வரைபடத்துல திடீர்னு பேர் முளைச்சிருக்கு. எந்தப் பேரை யார் சொன்னாங்கன்னு நில அளவைக்காரன் நோட்டுல எழுதி வைப்பான். அந்த நோட்டும் போர்ல குண்டு விழுந்து எரிஞ்சு போச்சு!"

இந்தப் பெயரை விசாரிக்கத்தான் அவர் முதன்முதலில் சைக்கிளில் வந்து எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினார். பிறகு என்னைக் கட்டிக்கொண்டு, ஊரைவிட்டுப் போகவே இல்லை. துறவிகள், கொள்ளைநோய், தோற்றோடிய படை என்று அவர் யோசித்த எதற்கும் சான்று கிடைக்கவில்லை. ஊர்க் கிழவர்களோ, தாத்தா காலத்திலிருந்தே அதுதான் பெயர் என்று சத்தியம் செய்தார்கள்.

அன்றும் கஞ்சியைத் தொடாமலே ஆப்ரி கோட்டு மாட்டிக்கொண்டு, தேவாலயப் பதிவேடுகளை இன்னொரு முறை பார்க்கக் கிளம்பினார். மதியம் பாதிரியார் ஹார்வுட் வந்து சொன்னார். ஞானஸ்நானப் பதிவேட்டின் மேல் தலை சாய்ந்திருந்ததாம். தூங்குகிறார் என்று நினைத்தாராம்.

அந்தக் கிண்ணத்தை நான் அதுவரை கழுவியிருக்கவில்லை.

அடக்கம் முடிந்த வாரம், ஆப்ரியின் கையெழுத்துப் பிரதியோடு பாதிரியார் வந்தார். சுற்றுவட்டாரத்து ஊர்ப்பெயர்கள் அத்தனைக்கும் விளக்கம் இருந்தது. கோல்ட் பாரிஜுக்கான கடைசிப் பக்கம் மட்டும் காலி.

"'காரணம் தெரியவில்லை'ன்னு எழுதி அச்சுக்குக் கொடுத்திடவா, மிஸஸ் பென்ரோஸ்?"

"அதைவிட அவரை அவமானப்படுத்த முடியாது. நான் சொல்றேன், எழுதுங்க. அளவைக்காரர் வந்தப்ப பெரியவங்க எல்லாரும் வைக்கோல் வேலைக்குப் போயிருந்தாங்க. ஏழு வயசுப் பொண்ணு ஒருத்தி கிண்ணத்தோட வாசல்ல நின்னா. மேட்டுக்குப் பேர் என்னன்னு கேட்டார். கஞ்சி ஆறிப்போன எரிச்சல்ல, வாயில வந்ததைச் சொல்லிட்டா."

பாதிரியாரின் பேனா நின்றது. "இது உங்களுக்கு எப்படி..."

"அது என் கஞ்சி."

அவர் என்னையே பார்த்தார். "பாவம், அந்த மனுஷன் வாழ்க்கை பூரா தேடினாரே! வந்த அன்னிக்கே சொல்லியிருக்கக் கூடாதா?"

ஜன்னலுக்கு வெளியே, மேட்டடியில் பெயர்ப்பலகை அப்படியே நின்றிருந்தது.

"சொல்லியிருந்தா, அன்னிக்கே சைக்கிள்ல ஏறிப் போயிருப்பாரே."