திராட்சைக் கத்தரி

பையைத் தலைகீழாக உதறியதும் முதலில் விழுந்தது ஒரு கத்தரி. வளைந்த மூக்கு, சிவப்புப் பிடி, நடுவில் ஸ்பிரிங்.

"பார்த்தீங்களா, வயர் வெட்டுற கத்தரி," என்றான் ஜெகன். புங்கமரத்தில் கட்டப்பட்டிருந்தவனின் கன்னத்தில் இன்னொரு அறை விழுந்தது.

இளையபெருமாளின் போர் மோட்டார் வயரை ராத்திரி யாரோ அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். வாய்க்காலில் இன்னும் தண்ணீர் வரவில்லை. மோட்டார் ஓடாவிட்டால் அவருடைய குறுவை நாற்று ரெண்டு நாள் தாங்காது. காலையில் மோட்டார் கொட்டகை வாசலில் பெரிய முதுகுப்பையோடு உட்கார்ந்திருந்த இவனைப் பிடித்து அங்கேயே மரத்தில் கட்டியது ஜெகன்தான்.

சின்னக் கண்ணாக இருந்தால் நடவுக்கு வந்த வடக்கன். அதற்கு மேல் ஊரில் யாரும் யோசிக்கவில்லை.

விஷயம் கேள்விப்பட்டு வந்து சேர்ந்தாள் ஜெகனின் தங்கை வானதி, அந்த வீட்டின் முதல் பட்டதாரி. ராத்திரி துவைத்துக் கொல்லையில் காயப்போட்டு, இப்போது அவள் தோளில் கிடந்த துப்பட்டா முழுக்கக் காலையில் கரித்துகள், பிளாஸ்டிக் நாற்றம். எவன் குப்பையை எரித்தானோ என்கிற எரிச்சல் அவளுக்கு இன்னும் அடங்கவில்லை.

"கட்டை அவுத்துவிடுங்க."

"பொம்பளப் புள்ளைக்கு இங்க என்ன வேலை? வீட்டுக்குப் போ," என்றான் ஜெகன்.

"அவன் என்ன சொல்றான்னு கேட்டீங்களா?"

"கேட்டோம். இந்தியிலயோ பெங்காலியிலயோ என்னமோ கத்துறான்."

"அது இங்கிலீஷ்ணே."

கீழே சிதறிக் கிடந்த துணிகளுக்கு நடுவிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்துப் பிரித்தாள். "ஜப்பான்காரன். பேரு ஹிரோஷி."

கூட்டம் ஒரு அடி பின்னால் நகர்ந்தது. அவள் கேட்கக் கேட்க, வாயோரம் ரத்தம் வழிய அவன் பதில் சொன்னான்.

"ஆஸ்திரேலியாவுல திராட்சை வெட்டுற வேலை பார்த்திருக்கான். சீசன் முடிஞ்சிருச்சு. அடுத்து அவன் நாட்டுல ஆப்பிள் பறிக்கப் போகணும், அதுக்கு ரெண்டு மாசம் இருக்கு. அதுவரைக்கும் நடந்தே ஊர் பார்க்குறான். இது திராட்சைக் கத்தரி."

"அங்க கூலி, இங்க ஊர்சுத்தியா?" யாரோ சிரித்தார்கள்.

"நாம மட்டும் என்ன கலெக்டரா? இதே ஒரு வெள்ளைக்காரன் உட்கார்ந்திருந்தா இளநி வெட்டிக் குடுத்து செல்ஃபி எடுத்திருப்பீங்க."

மோட்டாரில் மிச்சமிருந்த வயர்த் துண்டைக் கத்தரிக்குள் வைத்து, இரண்டு கையாலும் அழுத்தினாள். மேல்தோல் மட்டும் நசுங்கியது.

"காம்பு வெட்டுறதுதான் இதால முடியும். போதுமா?"

இளையபெருமாள் கயிற்று முடிச்சில் கை வைத்தார்.

"பெரியப்பா, அவுக்காதீங்க," ஜெகன் பாய்ந்து வந்தான். "ஜப்பான்காரன்னா திருட மாட்டானா?"

"சரிடா, வயரு எங்க? அவன் பையில இல்லையே."

"வயராவா வச்சிருப்பான்? விடியறதுக்குள்ள எரிச்சு செம்பை உருவியிருப்பான். அந்தப் பிளாஸ்டிக் கருகுறதுக்குப் பத்து நிமிஷம்கூட ஆகாது."

வானதி துப்பட்டா நுனியை மெல்ல மூக்கருகே கொண்டுபோனாள். அண்ணனின் கரி படிந்த கை நகங்களைப் பார்த்தாள். பிறகு மரத்தில் கட்டப்பட்டிருந்தவனின் வீங்கிய கன்னத்தைப் பார்த்தாள்.

ஊர் முழுக்க அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. குரலை அவள் தணிக்கவில்லை.

"ஏண்ணே, விடியக்காலையில நம்ம கொல்லையில என்ன எரிச்ச?"