நெட்டுக்குத்தாக ஒரு பலகை

"படுக்க வை, ரூபா."

"வேண்டாம் சார்."

"நூத்துச் சொச்சம் நாடு உக்காந்திருக்கு. ஒத்தப் பலகை நிக்குது. அது நம்மளுது. நல்லாவா இருக்கு?"

"பார்க்க நல்லாத்தான் சார் இருக்கு."

குலசேகரன் மூச்சை இழுத்து விட்டார். தூதுக்குழுவின் தலைவர் அவர். அவள் நிபுணர், கூட வந்தவள். மொழிபெயர்ப்புக் காதுக்கருவியில் ஆறு மொழிகள் ஓடிக்கொண்டிருந்தன. தமிழ் அதில் இல்லை. அதனால் இருவரும் தாராளமாகவே சண்டை போட்டார்கள்.

மேசை மேல் நாட்டின் பெயர் எழுதிய பலகை. மறுப்பு இருந்தால் அதை நெட்டுக்குத்தாக நிறுத்த வேண்டும். இந்த மண்டபத்தின் வழக்கம் அது. ஒரே ஒரு பலகை நின்றாலும் சபைத் தலைவரின் சுத்தியல் இறங்காது.

மணி பன்னிரண்டு நாற்பத்தாறு.

பெரிய திரையில் ஒரு வரி. வரியில் ஓர் எண். எண்ணைச் சுற்றிச் சதுர அடைப்பு, இன்னும் முடிவாகவில்லை என்பதற்கு அடையாளம்.

அடைப்பை எடுத்துவிட்டால் எண் சட்டமாகிவிடும். ஒரு கம்பெனியின் நாலாயிரம் செயற்கைக்கோள்கள் அந்த அளவுக்கு இரைச்சலைப் பக்கத்து அலைவரிசையில் சிந்தலாம்.

அந்தப் பக்கத்து அலைவரிசையில்தான் விண்மீன்களுக்கு நடுவே கிடக்கும் ஹைட்ரஜன் முணுமுணுக்கிறது.

அதைக் கேட்பது அவள் வேலை.

அவளுடைய ரேடியோ தொலைநோக்கி மலைச்சரிவில் இருக்கிறது. கீழே பால் சொசைட்டியின் பழைய பெட்ரோல் ஜீப் கிளம்பினால் போதும், வரைபடத்தில் முள் முள்ளாக எழும். அதற்கு வழி உண்டு. இறங்கிப் போய்ச் சொல்வாள். அண்ணே, பதினொரு மணி வரைக்கும் வண்டிய எடுக்காதீங்க. அவர் முறைப்பார். பிறகு சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார்.

நாலாயிரம் செயற்கைக்கோளுக்கு யார் வீட்டு வாசலில் போய் நிற்பது?

ஒரு மணிக்கு மாநாட்டின் கடைசிக் கூட்டம் முடிகிறது. அதற்குள் முடிவாகாவிட்டால் பழைய எண்ணே இருக்கும். அடுத்த மாநாடு வரை. நான்கு வருடம்.

பன்னிரண்டு ஐம்பது.

"வானத்துக்கு வக்கீலா நீ?"

"ஆமா சார். வேற யாரும் வரலையே."

அவர் கை பலகையை நோக்கி நகர்ந்தது. பாதியில் நின்றது. பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். உலகத்தின் முன்னால் ஒரு பலகைக்காக இழுபறி நடத்த முடியாது. அவள் அதை நம்பித்தான் இருந்தாள். மைக்கும் அவள் பக்கம் இருந்தது. காலையிலேயே இடம் மாறி உட்கார்ந்திருந்தாள்.

குலசேகரனின் போன் மேசையில் நடுங்கியது. பார்த்தார். அவளிடம் நீட்டினார்.

"படி. எதிர்க்க வேண்டாம்னு மேலிடத்துலேர்ந்து நேத்தே சொல்லியாச்சு. இப்ப உன் பேரையே குழுவிலேர்ந்து எடுக்கறாங்க. லெட்டர் கையெழுத்துக்குப் போயிருக்கு. மணி ஒண்ணு அஞ்சுக்கெல்லாம் வந்துரும்."

"வரட்டும் சார்."

"வந்ததும் நானே படுக்க வச்சிருவேன்."

"வந்ததும் வைங்க."

அவர் அவளை ஒரு நிமிடம் பார்த்தார். கோபம் கொஞ்சம் கலைந்து, வேறு ஏதோ தெரிந்தது.

"வேலை போயிரும், ரூபா."

அவள் உள்ளங்கையைப் பலகையின் முதுகில் வைத்துக்கொண்டாள். வியர்வையில் பலகை வழுக்கியது. இன்னொரு கையையும் வைத்தாள்.

மண்டபத்தின் பின்சுவரில், உயரத்தில், மொழிபெயர்ப்பாளர்களின் கண்ணாடிக் கூண்டுகள். ஐந்தாவது கூண்டில் நரைத்த குட்டை முடி வைத்த ஒரு பெண்மணி. ரூபாவுக்குப் பெயர் தெரியாது. பேசியதும் இல்லை.

செவ்வாய்க்கிழமை ரூபா மைக்கில் சொன்னாள். கம்பெனி வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம், ஹைட்ரஜனுக்குப் போக வேறு இடம் இல்லை.

சிலர் சிரித்தார்கள்.

தன் பேச்சு வேறு மொழியில் எப்படி ஒலிக்கிறது என்று அறிய அவள் காதுக்கருவியை ஐந்தாம் எண்ணில் வைத்திருந்தாள். ஒரு வார்த்தையும் புரியவில்லை. ஆனால் அந்த வாக்கியம் முடிந்ததும் அந்தப் பெண்மணியின் குரல் நின்றுவிட்டது. ஒரு சிறிய இடைவெளி. அடுத்தவர் பேச ஆரம்பித்த பிறகும் அது நீண்டது. இரைச்சலுக்குள் இடைவெளியைத் தேடுவதே தொழிலாக உள்ளவள் அதைத் தவறவிடவில்லை.

பன்னிரண்டு ஐம்பத்தெட்டு.

சபைத் தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். அரங்கைப் பார்த்தார். நிற்கும் பலகையைப் பார்த்தார். குலசேகரன் அவரைப் பார்த்துக் கடிகாரத்தைத் தட்டிக் காட்டி, ஒரு விரலால் கொஞ்சம் பொறுங்கள் என்றார்.

தலைவருக்குப் புரிந்தது.

ஒரு மணியோடு மொழிபெயர்ப்பாளர்களின் நேரம் முடிகிறது. ஒரு கூண்டு எழுந்து போனாலும் கூட்டம் கலைந்துவிடும். அப்படி அவர்கள் போனதில்லை. பத்து நிமிடம் தாருங்கள் என்று தலைவர்கள் கேட்பார்கள். அவர்களும் தருவார்கள். அந்த ஆறு கூண்டுகளிலிருந்து யாரும் இதுவரை இல்லையென்று சொன்னதில்லை.

தலைவர் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, தலையை உயர்த்திப் பின்சுவரைப் பார்த்தார். புன்னகைத்தார். மைக்கில் குனிந்தார்.

அவள் காதுக்கருவியை ஐந்தாம் எண்ணுக்குத் திருப்பினாள்.

தலைவரின் வேண்டுகோளை அந்தப் பெண்மணியின் குரல் சொல்லத் தொடங்கியது. தன்னிடமே கேட்கப்பட்டதைத் தன் வாயாலேயே, ஒரு சொல் விடாமல், நிதானமாக. மொழி தெரியாவிட்டாலும் கேள்வி என்று தெரிந்தது. கடைசியில் குரல் மேலே ஏறியது.

இன்னும் பத்து நிமிடம், எங்களுக்காக, தருவீர்களா?

பிறகு அந்த இடைவெளி.