அக்கரைக்குப் போகிறவள்

“இந்த வாரமும் படகேறிட்டாடி அவ,” என்றாள் எதிர்வீட்டு அக்கா. தைக்கக் கொடுத்த ரவிக்கைக்கு அளவு சொல்ல வந்தவள், முந்தானைக்குள்ளிருந்து தொடர்கதை வரும் வார இதழை எடுத்தாள். “கட்டின புருஷன் குத்துக்கல்லாட்டம் இருக்கறப்ப, அக்கரைக்குப் போயி எவனோடயோ சிரிச்சுப் பேசிட்டு வரா. எழுதினவளும் பொம்பளதானாம். பேரு போட்டிருக்கு.”

“கதைதானேக்கா,” என்றாள் தையல்காரி. அளவு நாடா கையிலிருந்து நழுவியது.

“கதையா? எங்க வீட்டுக்காரர் நேத்து என் கைப்பையைக் கொட்டிப் பாத்தாரு. ஒவ்வொரு ஆம்பளைக்கும் இது தன் வீட்டுச் சமாச்சாரமோன்னு பயம். கடைத்தெருவுல இதழைக் கட்டுக்கட்டா கொளுத்தியிருக்காங்க. நான் மட்டும் ஒண்ணு ஒளிச்சு வச்சிருக்கேன். சொல்லிடாத.”

அந்த வாரக் கதையைப் படித்துக் காட்டிவிட்டு அக்கா போனதும் தையல்காரி கதவைச் சாத்திக்கொண்டு சுவரில் சாய்ந்தாள். நூல் வாங்கப் போவதாக அவள் வீட்டில் சொல்லும் சாக்கு, அக்கரையில் ரேடியோ பழுதுபார்க்கும் கடை, அங்கே அவளுக்கென்று துடைத்துப் போடப்படும் முக்காலி. எல்லாமே கதையில் இருந்தன. அந்தக் கடைக்காரன் விரல்கூட அவள்மேல் பட்டதில்லை. ஆனால் பட்டால் என்ன என்று அவள் மனதுக்குள் நினைத்தது வரைக்கும் எழுதியிருந்தது.

யார் பார்த்தது?

சாயங்காலம் கணவர் நீதிமன்ற வேலை முடிந்து வந்தார். வந்ததும் ஜன்னல்களைச் சாத்தினார். மேசைமேல் அதே இதழை வைத்தார்.

“படிச்சியா?”

“அக்கா… படிச்சுக் காட்டினாங்க.”

“எழுதினவ கையை ஒடிக்கணுங்கறாங்க ஆபீஸ்ல.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“ஆமாம்னு தலையாட்டினேன்.”

எட்டு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசாத மனுஷன், இன்றைக்கு எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். தெரிந்துபோயிற்று. இனி மறைத்து என்ன?

“நான் ஒண்ணு சொல்லணும்,” என்று ஆரம்பித்தாள்.

கணவர் கையை உயர்த்தினார். அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். அடி விழவில்லை. கண் திறந்தபோது அந்தக் கை மேசைமேலிருந்த இதழை அவள் பக்கம் நகர்த்திக்கொண்டிருந்தது.

“அடுத்த வாரத்தோட கதை முடியுது,” என்றார் அவர், அவள் முகத்தைப் பார்க்காமல். “அவ திரும்பி வருவாளா, அங்கயே இருந்துடுவாளான்னு எனக்கு எழுத வரல. நீதான் சொல்லணும்.”