ஐந்து நட்சத்திர டாக்டர்

அடிவயிற்றை யாரோ ஈரத்துணி மாதிரி முறுக்கிப் பிழிந்தார்கள். சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றாள் அவள்.

"என்னங்க, இன்னிக்கு நிக்கவே முடியல."

"மாசா மாசம் இதே நாடகம்!" ஹாலிலிருந்து கணவனின் குரல் வந்தது. "ஊர்ல எந்தப் பொம்பளைக்கும் வராததா உனக்கு வந்துடுச்சு? காபியைக் கொண்டா, எனக்கு வேலை தலைக்கு மேல கிடக்கு."

அடுப்பில் பாலை வைத்தாள். கண் இருட்டியது. அப்படியே தரையில் சரிந்து உட்கார்ந்தவள், போனை எடுத்து, டாக்டர்களிடம் எழுதிக் கேட்கும் ஆப்பைத் திறந்தாள். பெண்கள் நல மருத்துவர்களில் முதல் ஆளாகப் படத்தில் சிரித்துக்கொண்டிருந்தவருக்கு ஐந்து நட்சத்திரம். அவரையே தொட்டாள். பெயர் கேட்ட இடத்தில் வாய்க்கு வந்த ஒரு பெயரைப் போட்டாள்.

'ரெண்டு நாளாவே எரிச்சலும் அழுகையுமா வருது டாக்டர். இன்னிக்கு வலியில உயிர் போகுது. வீட்டுக்காரர் நாடகம்ங்கிறார்.'

பதில் உடனே வந்தது.

'பயப்படாதீங்கம்மா. பல்லைக் கடிச்சுட்டு இதைப் பொறுத்துக்கணும்னு எந்த அவசியமும் இல்ல. வெந்நீர் ஒத்தடம் கொடுத்துட்டுப் படுங்க. நேர்ல வாங்க, மருந்து இருக்கு. வலியைப் போய் நாடகம்னு சொல்றவர் என்ன மனுஷன்! அவரையும் கூட்டிட்டு வாங்க, நான் பேசறேன்.'

இரண்டு முறை படித்தாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. அவள் எழவில்லை.

'இப்பவே பேசுங்க டாக்டர். ஹால்லதான் காபிக்குக் காத்துட்டிருக்கார்' என்று எழுதி அனுப்பினாள்.

அனுப்பிய அதே நொடியில், ஹாலில் கணவனின் போன் 'டிங்' என்றது.