உப்புத்தாள்

இந்த முறையும் பொம்மைக்குத் தலை வரவில்லை. ரெசின் திரவத்தை வெளிச்சத்தால் இறுக்கிப் பொம்மை செய்யும் பிரிண்டரின் தட்டில் அந்தப் பெண் உருவம் சாய்வாக, தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது, கழுத்தோடு சரி.

“அவன்தான் தடுக்கிறான்” என்றாள் அம்மா, கதவோரமாக நின்றபடி. மகன் போன பிறகு அவள் அவனுடைய அந்த அறைக்குள் கால் வைத்ததே இல்லை.

அப்பாவுக்கு இந்தப் பேச்சே ஆகாது. லேத் பட்டறையில் தலை நரைத்தவர்; மெஷினுக்குப் பேய் பிடிக்காது, நட்டு லூஸானால்தான் உண்டு என்பது அவர் கட்சி. ஆனாலும் உள்ளுக்குள் அவருக்கும் உதறல்தான்.

காரணம் இருந்தது. மகன் இந்தப் பொம்மையை ஓடவிட்டுவிட்டுத்தான் பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினான். ஆஸ்பத்திரியிலிருந்து இவர்கள் மட்டும் திரும்பி வந்தபோது மெஷின் தன் வேலையை முடித்துவிட்டுச் சும்மா நின்றிருந்தது. தட்டில் தலையில்லாத முண்டம். அதிலிருந்து மெஷினில் கிடந்த அதே பைலை அப்பா திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கிறார்.

யாருடைய உருவம் என்று தெரியவில்லை. அவனுடைய கம்ப்யூட்டர் பாஸ்வேர்டு கேட்டது; மெஷினின் குட்டித் திரையில் தெரிந்த படத்திலோ முகம் வெறும் புள்ளி. அவன் விட்டுப்போனதை முழுசாக ஒரு தடவை பார்த்துவிட வேண்டும், அம்மாவுக்கு வேறு ஆசையே இல்லை என்றாகிவிட்டது.

தலை வராதது போதாதென்று இன்னொரு கோளாறு. பொம்மையின் வயிறு ஒவ்வொரு முறையும் புடைத்துக்கொண்டு வந்தது. வெளிச்சம் அதிக நேரம் பட்டால் ரெசின் அப்படி ஊதும் என்று கடைக்காரர் போனில் சொன்னார். அப்பா நேரத்தைக் குறைத்துப் பார்த்தும் வயிறு குறையவில்லை. உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்.

அம்மாவுக்கு வேறொரு பயமும் இருந்தது. பொழுது சாய்ந்தால் கேட்டுக்கு வெளியே ஒரு பெண் நிற்கிறாள். பையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு இந்த அறை ஜன்னலையே பார்க்கிறாள். கதவைத் திறந்தால் ஆளைக் காணோம். ஒரே ஒரு நாள் தெருவிளக்கு வெளிச்சத்தில் முகம் தெரிந்தது, முகவாயில் மச்சம். காத்து கருப்பாக இருக்குமோ என்று அவள் நடுங்கினாள். ஒழுங்காகச் சாப்பிட்டுத் தூங்கு, எல்லாம் சரியாகும் என்றார் அப்பா.

அன்று அவர் தொட்டியைக் கழற்றி, ரெசினை வடிகட்டி, தொட்டிக்கு அடித்தளமான மெல்லிய பிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். ஊசிமுனை அளவு ஓட்டை. அதன் வழியே கசிந்த ரெசின் கீழே வெளிச்சம் வரும் திரைக் கண்ணாடியில் இறுகிக் கறையாக உட்கார்ந்திருந்தது. பொம்மையின் தலை விழுகிற மூலை அதுதான். வெளிச்சம் ஏறாத இடத்தில் தலை எப்படி வரும்?

“பாத்தியா? பேயுமில்ல பிசாசுமில்ல. ஓட்டை.” குரலில் கொஞ்சம் ஏமாற்றம் இருந்தது. மகன்தான் தடுக்கிறான் என்று அவரும் நம்பத் தொடங்கியிருந்தார் போல.

கறையைச் சுரண்டி, ஸ்பிரிட்டில் துடைத்து, புதுப் பிலிமை விறைப்பாக இழுத்து மாட்டினார். மெஷின் ஓடியது. ஒவ்வொரு அடுக்குக்கும் தட்டு மேலே எழும்போது தொட்டிக்குள் யாரோ மூச்சுவிடுவதுபோல ஒரு சத்தம். அம்மா சாயங்காலம் வரை கதவோரத்தைவிட்டு நகரவில்லை.

மூடியைத் திறந்தபோது ரெசின் சொட்டச் சொட்டத் தலையோடு தொங்கியது பொம்மை. அப்பா அதைப் பெயர்த்துக் கழுவி, மேஜை விளக்கடியில் நிமிர்த்தி வைத்தார். தோளில் முன்பக்கம் விழுந்த பின்னல், சிரித்த முகம். முகவாயில் கடுகளவு ஒரு மேடு.

இங்கேயும் ஒரு பிசிறு என்று முனகிக்கொண்டே அப்பா உப்புத்தாளைக் கிழித்தார். முதலில் அந்த வயிற்றைச் சரிபண்ணிவிடலாம் என்று உட்கார்ந்தார்.

அம்மா அறைக்குள் வந்தாள். பொம்மையின் முகத்தைக் குனிந்து பார்த்தாள், பிறகு ஜன்னல் வழியே கேட்டைப் பார்த்தாள். பையை அணைத்தபடி அந்தப் பெண் அங்கே நின்றிருந்தாள். அம்மா அப்பாவின் மணிக்கட்டை இறுகப் பிடித்தாள்.

“வயித்தைத் தேய்க்காதீங்க.”