வளைந்த சுண்டுவிரல்

பழைய ராணியின் ஓவியத்தைப் புதுப்பித்துக்கொண்டிருந்த நிபுணருக்குக் காலையிலிருந்தே தர்மசங்கடம்.

“வாரம் தவறாம வருவாங்களே, அந்தம்மா வர்ற நேரம் சார்” என்றார் அருங்காட்சியகக் காவலாளி. “ராணி வம்சம். ‘எங்க வீட்டு ஆளு’ன்னு படத்தைப் பார்த்துப் பூரிச்சுப் போவாங்க.”

சொல்லி வாய் மூடவில்லை, அந்தம்மா வந்துவிட்டார். நேராக ஓவியத்தின் முன்னால் போய்த் தன் கையை நீட்டினார். சுண்டுவிரல் உள்பக்கம் லேசாக வளைந்திருந்தது. ஓவியத்திலும் அப்படியே.

“பார்த்தீங்களா தம்பி? அச்சு அசல்!”

நிபுணருக்கு மனசு கேட்கவில்லை.

“தப்பா நினைக்காதீங்கம்மா. வரைஞ்சவரோட குறிப்பேடு நேத்துதான் கிடைச்சது. ராணி குதிரையும் கோட்டையுமா அலைஞ்சவங்க, ஒரு இடத்துல உட்கார மாட்டாங்களாம். முகத்துக்கு மட்டும் ஒரு மணி நேரம் கொடுத்துட்டுக் கிளம்பிட்டாங்க. அப்புறம் அவங்க உடுப்பையும் நகையையும் போட்டுக்கிட்டு உட்கார்ந்தது, அரண்மனையில பாத்திரம் தேய்ச்ச பொண்ணு. அந்த விரல் ராணியோடது இல்லம்மா.”

அந்தம்மாவின் முகம் சுருங்கிவிடும் என்று பயந்தார். அவரோ நிமிர்ந்து நின்றார்.

“நாற்பது நாள் அசையாம உட்கார்ந்தாங்க. அதையும் எழுதியிருக்காரா?”

நிபுணர் திருதிருவென விழித்தார். “உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“எங்க வீட்ல சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும். ராணி முகத்தை நான் என்னைக்குத் தம்பி பார்த்தேன்? நான் வர்றது எங்க கொள்ளுப்பாட்டி கையைப் பார்க்க!”